விறகுக்காரர் பங்களாவும் வாசலில் உட்கார்ந்த அம்மாவும்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துப்பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. எங்கள் ஊர் ரோட்டோரம் ஓர் அம்மன் இருக்கிறாள். ஆடி மாதத்தில் பெரியபாளையம் போகிற சனங்கள் அங்கே இறங்கி ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மேலே போவார்கள். அந்த மஞ்சளுக்குக் கீழே இருக்கிற முகம் யாருடையது என்று எனக்குத் தெரியும். சொன்னால் கும்பிடுகிறவர்கள் மனசு நோகுமே, அம்மாவே என்னைக் கோபிப்பாளே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறக்க வைத்தது ஒரு கல்வெட்டு. பங்களா வாசலில் அந்தக் குடும்பத்தார் புதிதாகப் பதித்திருந்தார்கள். பங்களாவைக் கட்டிய பெரியவர் ‘தாகம் தீர்த்த வள்ளல்’ என்றும், அவரே தம் கையால் அம்மனைப் பிரதிஷ்டை செய்து, தம் வீட்டுக் கிணற்றை ஊருக்குத் திறந்துவிட்டார் என்றும் தங்க எழுத்தில் இருந்தது. படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சாமி படத்துக்கு முன்னால் போட்டு, “எழுதட்டுமா தாயே? வெள்ளை வந்தால் எழுதுகிறேன்” என்று கேட்டேன். வெள்ளை வந்தது. எழுதுகிறேன்.

நான் அந்த ஊருக்கு வாழ வந்தது அறுபதுகளின் ஆரம்பத்தில். பொன்னேரியிலிருந்து ஆரணி போகும் ரோட்டில் எங்கள் ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு, அந்தப் பக்கம் பங்களா. பெண் பார்க்க வந்தபோதே, “பங்களாவுக்கு எதிர் வீடு” என்று பெருமையாகச் சொன்னார்கள். ஏதோ பங்களாவில் பாதி நமக்கு என்பது போல.

வந்து பார்த்தேன். மாடி முகப்பில் சுண்ணாம்பால் செய்த இரண்டு சிங்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். சிங்கமாம். எங்கள் தெரு நாய்களுக்கே அதைவிட முகக்களை உண்டு. முன்கூடத்தில் பர்மா தேக்குத் தூண்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மழையில் அடிப்பக்கம் வர்ணம் உரிந்து உள்ளே செங்கல் சிரித்தது. செங்கல்லின்மேல் தேக்கு மாதிரி ரேகை எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை வந்து தங்கிய வீடு என்றும் ஒரு பெருமை. துரையின் வண்டிச் சக்கரம் வாசலில் உடைந்துபோய், அதைச் சரி செய்கிற வரைக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அந்த நாற்காலியை உள்ளே கயிறு கட்டி வைத்திருந்தார்கள், யாரும் உட்காரக்கூடாது என்று.

ஆனால் ஒன்றை மட்டும் பொய் என்று சொல்ல முடியாது. அது கிணறு. எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தப் பங்களா காம்பவுண்டுக்குள் மட்டும் இளநீர் மாதிரி ஊறும் என்பார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் இரும்புக் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே அதன் உருளை தெரியும். நாங்கள் குடிதண்ணீருக்கு ஆற்றுக்குப் போய் மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வருவோம். கோடையில் ஒரு குடம் நிரம்புவதற்குள் முதுகு ஒடிந்துவிடும்.

அந்தப் பங்களாவைக் கட்டியவரை நான் பார்த்ததில்லை. நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மாமியார் சொன்னது. அத்தை அந்த வீட்டில் வாலிபத்தில் கூலிக்குப் போனவர். பொய் பேசமாட்டார். பேசத் தெரிந்திருந்தால் இன்னும் சௌகரியமாக வாழ்ந்திருப்பார்.

பெரியவருக்கு விறகு வியாபாரம். கடலோரச் சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டி, பங்களாவின் பின்பக்கம் அடுக்கிவைத்து, வண்டியில் கால்வாய்க்கு அனுப்பி, படகில் மெட்ராஸ் விறகுத் தொட்டிகளுக்கு, அதாவது விறகுக் கடைகளுக்கு, ஏற்றுவார். அங்கே எடை போட்டுத்தான் வாங்குவார்கள். அதனால் வண்டி கிளம்புகிற முந்தின நாள் விறகுக்குத் தண்ணீர் காட்டுவார். அதற்குத்தான் தெருப் பெண்களைக் கூலிக்கு வைத்திருந்தார். உப்புத் தண்ணீர் ஊற்றினால் காய்ந்ததும் விறகின்மேல் வெள்ளை பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, நல்ல தண்ணீரை, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றச் சொல்வார்.

அத்தை இதைச் சொல்லும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் சொல்வார்.

“நாளு பூரா நல்ல தண்ணி எறைக்கிறது நாங்க, குடிக்கிறது கட்டை. எங்களுக்குத் தாகம் எடுத்தா பின்னால தொட்டியில உப்புத் தண்ணி. ஒரு நா வெயிலு தாங்கல. ஒரு வாளி தூக்கி வாயில வெக்கப் போனன். அந்த ஆளு மாடியிலேர்ந்து பாத்துட்டான். கீழ எறங்கி வந்து கேட்டான், ‘கட்டை குடிச்சா கனம் ஏறும். நீ குடிச்சா இன்னாடி ஏறும்?’னு. என் மூஞ்சிக்கு நேரா.”

“நீங்க இன்னா சொன்னீங்க அத்தை?”

“இன்னா சொல்றது? வாளியக் கட்டை மேல கவுத்துட்டு வந்தன்.”

கூலிக்காரர்கள் முன் கேட்டில் கால் வைக்கக்கூடாது, பின்பக்கம் வண்டி வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். சாமிக்குப் போகிறவர்களுக்கும் அதே கதிதான். ஆடியில் பெரியபாளையம் போகிறவர்கள் வாசல் வேப்பமரத்து நிழலில் இறங்கி, “ஒரு சொம்பு தண்ணி குடுங்க சாமி” என்று கேட்டால், “ஆறு பக்கத்துலதான் கீது” என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவாராம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்களுக்கு நீர் தராத வீடு எங்கள் வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். ராமநாமம் சொல்லிக்கொண்டே உயிர் விட்டார் என்று கல்வெட்டில் போட்டிருக்கிறார்கள். மோர் கெட்டியாக இருக்கிறது, தண்ணீர் விட்டுப் பெருக்கத் தெரியாதா என்று சமையல்காரியைத் திட்டிக்கொண்டே சாய்ந்தார் என்பதுதான் அத்தை கண்ணால் பார்த்தது.

அவர் போனபிறகு விறகு வியாபாரமும் படுத்தது. மகன் மெட்ராஸ் போய்விட்டார். நான் வாழ வந்தபோது பங்களாவில் ஒரு தோட்டக்காரர் மட்டும் இருந்தார். நல்ல மனுஷர். பின்பக்க மதில் ஓரிடத்தில் இடிந்து ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்கள் சந்தில் நுழைந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவோம். என் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்கள்தான்.

அத்தை மட்டும் அதைத் தொடமாட்டார். “செவுத்துல பூந்து திருட்டுத் தண்ணி குடிக்க எனுக்கு வாணாம். அந்த ஊட்டுத் தண்ணி என் வாயில பட்டா, முன் கேட்டுல நடந்து போயி எடுத்ததாத்தான் இருக்கணும்” என்பார். அவருக்காக மட்டும் தனியாக ஆற்று ஊற்றிலிருந்து ஒரு சின்னக் குடம் வரும். என்னால் முடியாத நாளில், முட்டிவலியோடு அவரே நடந்து போய் எடுத்துவருவார். வீம்பு என்று எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. என் வீட்டுக்காரர் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காலையில் பொன்னேரி போய் ரயிலேறி ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். வெளியூர் முதலாளிகள் கார் போட்டுக்கொண்டு இடம் பார்க்க வந்தார்கள். அப்படி ஒரு வடக்கத்தி முதலாளி, தன் ஆபீசர்கள் சனி ஞாயிறு வந்து தங்க, பழைய காலத்து வீடாக ஒன்று வேண்டும் என்று கேட்டாராம். எங்கிருந்தோ அது பெரியவரின் பேரன் காதில் விழுந்தது.

அதுவரை தாத்தா ஊர் எந்தத் திசை என்று தெரியாதவர், திடீரென்று தாத்தாவின் பெருமையைக் கண்டுபிடித்துவிட்டார். வந்ததும் செய்த முதல் காரியம், தோட்டக்காரரை அனுப்பிவிட்டு மதில் சந்தைச் செங்கல் வைத்து அடைத்தது. முன் கேட்டில் பூட்டு, அதற்கு ஒரு காவலாளி. அது நல்ல பங்குனி வெயில்.

தெருப் பெண்கள் எல்லோருமாகப் போய்க் கேட்டோம். பேரன் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு பேசினார்.

“இது பிரைவேட் பிராப்பர்ட்டிம்மா. வாங்கறவங்க அப்ஜெக்‌ஷன் பண்ணுவாங்க.”

“ஆத்துல ஊத்தும் வத்திப்போச்சு சார். புள்ளைங்க கீறாங்க. ஆளுக்கு ஒரு கொடம் எடுத்துக்கினு போயிடறம்.”

“பஞ்சாயத்துல கேளுங்க.”

பஞ்சாயத்தில் கேட்டோம், “பங்களாவுல கேளுங்க” என்றார்கள். அந்த வருஷம் நான் பட்ட பேஜாரு கொஞ்சமில்லை. சின்னவளுக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிறு எந்நேரமும் போய்க்கொண்டே இருந்தது. ஆற்றில் இடுப்பளவு தோண்டினால்தான் கலங்கலாகக் கொஞ்சம் கிடைக்கும். அத்தைக்கு முட்டி வீங்கிப்போய்விட்டது. திண்டாடுகிற நேரத்தில்கூட அந்த மனுஷி, “பாத்தியா, நீ குடிச்சா இன்னாடி ஏறும்னு கேட்டான் இல்ல? பேரனும் அதையேதான் இங்கிலீசுல கேக்கறான்” என்று சிரித்தார்.

வீட்டை விற்க வெறும் வீடு போதாது, வரலாறு வேண்டும் என்று யாரோ பேரனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடித்து ‘வள்ளலின் வரலாறு’ என்று சின்னப் புத்தகம் அச்சடித்தார். வாத்தியாருக்குப் பெரியவரைத் தெரியாது. தெரியாததால் நன்றாக எழுதினார். பெரியபாளையம் போகிற பக்தர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார், பானகம் கொடுத்தார், விசிறி கொடுத்தார் என்று விட்டார் பாருங்கள் ஒரு சரடு. விறகுக்குத் தண்ணீர் ஊற்றியவர் வழிப்போக்கருக்கு ஊற்றியவராகிவிட்டார்.

அடுத்து, வாசலில் தாத்தாவுக்குச் சிலை. வெண்கலச் சிலை என்று ஆரம்பித்து, கல் சிலைக்கு இறங்கி, கடைசியில் சிமெண்டு, அதுவும் மார்பு வரைக்கும் போதும் என்று முடிந்தது. கருமித்தனம் ரத்தத்தில் வருவது. சிலை செய்கிறவர்கள் கேட்ட கூலி கட்டுப்படாமல், கோயில் கோபுரத்துக்குச் சுதை பொம்மை செய்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் வேலை நடந்ததால் பேச்செல்லாம் எங்களுக்குக் கேட்கும்.

“எனுக்கு சாமி மூஞ்சிதான் சார் வரும். மனுசன் மூஞ்சி செஞ்சி பழக்கம் இல்ல” என்று அந்த ஆள் முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

“மீசை வெச்சிட்டா மனுஷன் ஆயிடும். போடுய்யா” என்றார் பேரன்.

ஆக, மனுஷன் ஆகிற அளவுக்கு ஒரு மெல்லிசு மீசை. அதற்குமேல் அகலமாக இரண்டு கண், உருண்டைக் கன்னம், சிரித்த வாய். தலைப்பாகையின் ஜரிகை விசிறி, கோபுரத்துப் பழக்கத்தில் கிரீடமாக எழும்பி நின்றது. மார்பில் கோட்டு, மூன்று பித்தான். தாத்தா நல்ல சிவப்பு, முகத்துக்கு வெளுப்பாக வர்ணம் அடி என்று பேரன் சொன்னார். அந்த ஆள் டப்பாவில் இருந்தது மஞ்சள். மழை படாமலிருக்க மேலே வளைவாக ஒரு கூடும் வைத்துக்கொடுத்தார், பாவம், கூலிக்குமேல் வேலை.

திறப்பு விழாவுக்கு மைக் செட், கலர் சோடா, ஆபீசர்களுக்கு நாஷ்டா எல்லாம் நடந்தது. வாத்தியார் புத்தகத்தைப் படித்து, “தாகம் என்று வந்தவரைத் தண்ணீரின்றி அனுப்பியதே இல்லை” என்று முழங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருப் பெண் ஒருத்தி குழந்தைக்குத் தண்ணீர் கேட்டாள். “உள்ள விட உத்தரவு இல்ல” என்றார் காவலாளி. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

ஆடி பிறந்தது. முதல் ஞாயிறு.

பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் வருஷா வருஷம் வண்டி கட்டிக்கொண்டு எங்கள் வழியாகத்தான் பெரியபாளையம் போவார்கள். மஞ்சள் புடவை, கையில் வேப்பிலைக் கொத்து, மடியில் மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை. வழக்கம்போல வேப்பமரத்தடியில் கஞ்சி குடிக்க இறங்கினார்கள். முதலில் இறங்கிய அம்மாள், வாட்டசாட்டமான ஆள், கூட்டத்துக்குப் பெரியவள் போலிருக்கிறது, அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏய், எல்லாம் இங்க வாங்கடி! ஆத்தா வழியிலயே வந்து குந்திக்கீறா!”

“போன வருசம் இல்லியே இது?”

“அதத்தாண்டி சொல்றன். தானா வந்துகீறா. பாரு, பாளையத்துல கீற மாதிரியே மாரு வரைக்கும்தான் வெளிய. மீதி பூமிக்குள்ள.”

பெரியபாளையத்து அம்மனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே அவள் பாதி உருவம்தான். மீனவப் பெண்களுக்கு வேறு அத்தாட்சி எதற்கு? ஒரு சின்னப் பெண் மட்டும் சந்தேகப்பட்டாள்.

“சட்டை மாதிரி போட்டுக்கீறாளே ஆயா?”

“சட்டையா? கவசம்டி அது! கன்னத்துல போட்டுக்க!”

மஞ்சளைக் கரைத்து முகம் முழுக்கப் பூசிவிட்டார்கள். மீசை போன இடம் தெரியவில்லை. நெற்றியில் ரூபாய் அளவுக்குக் குங்குமம். தலையைச் சுற்றி வேப்பிலை. ஒருத்தி தன் நேர்த்திக்கடன் புடவையையே எடுத்துச் சாற்றினாள். நாங்கள் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“அத்தை, போய்ச் சொல்லிடலாமா?”

“இன்னான்னு சொல்லுவ?”

“அது அம்மா இல்ல, விறகுக்காரருன்னு.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். “அவங்க அம்மாவப் பாத்துக்கினு கீறாங்க. நீ போயி கண்ணப் புடுங்கப் போறியா? சும்மா இரு. ஒன்ன யாரும் கேக்கல, நீயும் சொல்லாத. வர்றவளுக்கு வழி தெரியும்.”

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. பேரனும், வீட்டைப் பார்க்க வந்த வடக்கத்தி முதலாளியும் இறங்கினார்கள். பேரன் கையில் அந்தப் புத்தகம். தாத்தா பக்தர்களின் தாகம் தீர்த்த கதையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பிறகு காவலாளி சொன்னார். அவர் கார்க் கதவைச் சாத்தவும், அந்தப் பெரிய அம்மாளுக்கு மருள் வரவும் சரியாக இருந்தது. கொண்டை அவிழ்ந்தது. மண்ணில் கால் உதைத்து ஒரு கத்தல்.

“தாகம்! தாகமா கீது!”

“அம்மாக்குத் தாகம்! தண்ணி எடுங்க! தண்ணி!” என்று கூட்டம் எழுந்தது.

எங்கள் பக்கம் இது சட்டம் மாதிரி. அம்மன் தாகம் என்று கேட்டால், காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காமல் யாரும் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. காய்ந்த வாயோடு அனுப்பினால் அந்த ஊரில் அம்மை விளையாடும். அவர்கள் கொண்டுவந்த பானைத் தண்ணீர் மஞ்சள் கரைத்ததில் தீர்ந்துபோயிருந்தது. கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் கிணறு.

பேரன் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். “நிறுத்துங்க! இது சாமி இல்ல! இது எங்க தாத்தா!”

ஒரு கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஒங்க தாத்தாவா? இன்னா நைனா, வெயிலு தலைக்கு ஏறிச்சா? இம்மாம் பெரிய கண்ணு எந்த ஊரு தாத்தாக்குடா கீது?”

கூட்டம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே அந்த வடக்கத்தி முதலாளி என்ன செய்தார் தெரியுமா? வாசல் ஓரமாகப் பூட்ஸைக் கழற்றி வைத்தார். கைகளைத் தலைக்குமேல் குவித்து, “மாதாஜி” என்று குனிந்தார். பிறகு காவலாளியைப் பார்த்து, “பானி, பானி” என்று கேட்டைக் காட்டினார். காவலாளி பேரனைப் பார்த்தார். பேரன் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். தாகம் என்று வந்தவரைத் தண்ணீரின்றி அனுப்பியதே இல்லை. அச்சில் இருக்கிறதே, என்ன செய்வார்? “தொற” என்றார். அந்த வார்த்தை அவர் தொண்டையிலிருந்து வந்தபோது முகம் வேப்பங்கொழுந்து தின்றது போலிருந்தது.

நான் திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் அத்தை இல்லை. எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீங்கிய காலை இழுத்து இழுத்து ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

“கெழவி, நீ எங்க போற?” என்றார் காவலாளி.

“அம்மாக்குத் தண்ணி எடுக்கப் போறன். தடுக்கிறதுன்னா தடு.”

தடுக்கவில்லை. வாலிபத்தில் எந்தக் கேட்டில் கால் வைக்கக்கூடாது என்றார்களோ, அந்த முன் கேட்டின் நடுவில், ஓரமாகக்கூட இல்லை, நட்ட நடுவில் நடந்து போனார். உருளை கிறீச்சிட்டது. முதல் குடத்தை மருள் வந்த அம்மாளின் காலில் ஊற்றி, அந்த ஈர மண்ணிலேயே நெற்றி படிய விழுந்து கும்பிட்டார். அதில் ஒரு துளி பொய் இல்லை. அத்தை கண்ணில் தண்ணீர் கொட்டியது. இரண்டாவது குடத்தைக் கொண்டுவந்து சிலையின் தலையில் கவிழ்த்தார். பின்னாலேயே குடத்தோடு போன எனக்கு மட்டும் அவர் முணுமுணுத்தது கேட்டது.

“குடி. கனம் ஏறட்டும்.”

முதலாளி வீட்டை வாங்கவில்லை. வாசலில் தேவி உட்கார்ந்திருக்கிற வீட்டில் ஆபீசர்கள் கறியும் பாட்டிலுமாகத் தங்க முடியுமா என்று சொல்லிவிட்டு, மாதாஜிக்குத் தட்சிணை வைத்துவிட்டுப் போய்விட்டார். பேரன் நாலு நாள் கேட்டைப் பூட்டிப் பார்த்தார். அதற்குள் ஆரணி, கவரைப்பேட்டை என்று பேச்சுப் பரவி, செவ்வாய் வெள்ளி கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. தெருப் பெண்கள் குடத்தோடு போய் நின்றால், எதற்கு என்று கேட்கிற தைரியம் காவலாளிக்கு இல்லை. அம்மாவுக்கு என்று சொன்னால் முடிந்தது. நாங்களும் ஏமாற்றவில்லை. முதல் குடம் அம்மாவுக்கு, அடுத்த குடம் வீட்டுக்கு. இன்று வரைக்கும் அதுதான் முறை. முதல் குடத்தை ஊற்றாமல் எவளும் எடுத்துப் போகமாட்டாள். சின்னவளுக்கு வயிறு அந்த ஆடியிலேயே சரியாகிவிட்டது.

பேரன் சுதாரித்துக்கொண்டார். அடுத்த மாதமே உண்டியல் வந்தது. வாத்தியார் புத்தகம் மறுபடி அச்சானது. ‘சிலை’ இருந்த இடத்திலெல்லாம் ‘பிரதிஷ்டை’ வந்தது. சொந்தத் தாத்தாவின் முகத்தை மஞ்சள் மறைத்ததும் அந்த மறைவுக்கே காவலாக உட்கார்ந்துகொண்ட பேரனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. இப்போது கல்வெட்டும் வந்துவிட்டது. விறகை நனைத்த கை, ஊரின் தாகத்தைத் தீர்த்த கையாம். தூ.

அப்படியானால் அங்கே இருப்பது அம்மா இல்லையா என்று கேட்பீர்கள். இத்தனை வருஷம் நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். பாம்புப் புற்றில் உட்கார்ந்தவள் அவள், ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தவள். இந்த மனுஷன் முகத்தின்மேல் உட்கார்ந்தால் அவளுக்கா அழுக்கு ஒட்டும்? அவள் வந்தாள், தண்ணீர் கேட்டாள், இரும்புக் கேட் திறந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். வெள்ளி தவறாமல் நானும் விளக்குப் போடுகிறேன். ஆனால் அவளுக்கு இடம் கொடுத்த புண்ணியம் அந்த ஆளுடையது என்று யாராவது சொன்னால் மட்டும் என்னால் பொறுக்க முடியாது. நாற்காலிக்கு, தன்மேல் யார் உட்கார்ந்தார் என்று பெருமை உண்டா என்ன?

அன்று சாயங்காலம் நடந்த ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வண்டிகள் போனபிறகு, அத்தை தனக்கென்று ஒரு குடம் கொண்டுவந்து சமையற்கட்டில் வைத்தார். சொம்பில் மொண்டு, ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷத்துத் தாகம்.

சொம்பைக் கீழே வைத்தார்.

“இவ்ளோதானா?” என்றார். “நம்ம ஆத்துத் தண்ணி மாதிரிதான் கீது. இதுக்காடா அந்த ஆட்டம் ஆடுன?”

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். யாரிடமாவது சொல்வதானால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மீனவப் பெண்களை ஏமாளிகள் என்று சிரிக்காதீர்கள். கதவைத் திறந்தது அவர்கள்தான். விறகுக்காரருக்குக் கடைசியில் மனசு மாறியது என்று இரக்கப்பட்டு ஒரு வரி சேர்க்காதீர்கள். மஞ்சளுக்கு அடியில் கோட்டும் மூன்று பித்தானும் இருக்கின்றன, அதை விட்டுவிடாதீர்கள். என் அத்தை குடித்துவிட்டுச் சொன்னதையும், அமிர்தம் என்று சொன்னதாக மாற்றிவிடாதீர்கள்.